எண்ணெய்க் குளியலுக்கு ஏன் ஒரு கிழமை இருந்தது?

சனிக்கிழமை காலையில் எங்கள் தாத்தாவைத் தேடி யார் வந்தாலும் அப்பத்தா வாசலிலேயே சொல்லிவிடுவார்: "அவுக எண்ணெ தேச்சிருக்காக." அவ்வளவுதான். வந்தவர் கடன் கேட்க வந்திருந்தாலும் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தாலும் மறுபேச்சு இருக்காது. திரும்பிப் போவார், இல்லையென்றால் திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அங்கே அந்தப் பதிலை யாரும் சாக்குப்போக்காக எடுத்துக்கொண்டதே இல்லை. காய்ச்சலில் படுத்திருப்பது, வெளியூர் போயிருப்பது போல எண்ணெய் தேய்த்திருப்பதும் ஒரு நிலை. அந்த நிலையில் இருப்பவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இன்றைக்கு எண்ணெய்க் குளியல் கெடுதல் என்று சொல்பவர் அபூர்வம். நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். நல்லெண்ணெய் கடையில் கிடைக்கிறது, வெந்நீர் சுவிட்சைத் தட்டினால் வருகிறது. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் அது தீபாவளி விடியற்காலையோடு சரி. ஏன் என்று கேட்டால் "எங்கங்க நேரம்" என்பார்கள். தாத்தாவுக்கும் வயல், மாடு, பஞ்சாயத்து என்று வேலை இருக்கத்தான் செய்தது. ஆனால் எண்ணெய்க்கு அவர் நேரம் தேடியதில்லை. சனிக்கிழமை வந்தது, அதோடு எண்ணெயும் வந்தது. உடம்பையும் மனதையும் அவ்வப்போது கழுவிக்கொள்ள நினைக்கிற நமக்கு அந்தப் பழக்கத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணெயைவிடக் கிழமைதான் என்று எனக்குப் படுகிறது.

ஆத்திசூடியில் 'ஙப்போல் வளை'க்கு அடுத்து வருவது 'சனி நீராடு'. ச எழுத்து படிக்கும் பிள்ளைக்குக் குளிக்கும் கிழமையும் சேர்ந்தே மண்டையில் ஏறிவிடுகிறது. ஔவையின் அந்த வரியில் எண்ணெய் என்ற சொல்லே இல்லை. உரை சொன்னவர்கள்தான் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகு என்று விரித்தார்கள். இன்னொரு விதமாகப் பொருள் சொல்கிறவர்களும் உண்டு: சனி என்றால் குளிர்ச்சி, ஆகவே குளிர்ந்த நீரில் குளி என்று. எது சரி என்பதைப் புலவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஊர் எடுத்துக்கொண்டது கிழமையைத்தான்.

சித்த மருத்துவம் இதை இன்னும் கறாராக வைத்திருந்தது. தேரையர் என்ற சித்தர் பெயரில் வழங்கும் 'பிணியணுகா விதி'ப் பாடல்களில் ஒரு பாட்டு முழுக்கக் கழுவிக்கொள்ளும் கால அட்டவணைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்திக்கு மருந்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு மருந்து, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம் என்கிற மூக்கில் விடும் மருந்து, அரை மாதத்துக்கு இருமுறை சவரம், நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, மூன்று நாளைக்கு ஒருமுறை கண்ணுக்கு அஞ்சனம். இப்படியெல்லாம் இருந்தால் நாம் இருக்கிற இடத்தில் எமனுக்கு என்ன வேலை என்று பாட்டு முடிகிறது. வாந்தி மருந்தையும் பேதி மருந்தையும் இதைப் படித்துவிட்டு யாரும் தானாகச் சாப்பிட்டுத் தொலைக்க வேண்டாம். அது மருத்துவர் பார்த்துச் செய்கிற காரியம். நான் கவனிக்கச் சொல்வது அந்த அடுக்கை. பெரிய சுத்தம் எப்போதாவது, சின்னச் சுத்தம் அடிக்கடி. எதுவுமே 'முடியும்போது' என்று விடப்படவில்லை.

நான்கு நாளைக்கு ஒருமுறை என்பதை ஏழு நாள் வாரத்தில் எப்படி அடைப்பது? ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று நம் வீடுகளில் இருந்த வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். புதனிலிருந்து சனிக்கு மூன்று நாள், சனியிலிருந்து புதனுக்கு நான்கு நாள். செவ்வாய், வெள்ளிக்கும் அதே கணக்குதான். வைத்தியர் சொன்ன கெடுவைக் கிழமையாக மாற்றினால் ஏறக்குறைய இப்படித்தான் வரும். கிரகத்தைக் காரணம் காட்டுவோர் உண்டு. எனக்கு என்னவோ அடுப்பும் கிணறும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு வீட்டில் பத்துப் பேர், ஒரே வெந்நீர் அண்டா, விறகடுப்பு, கிணற்றில் இறைத்து ஊற்ற வேண்டிய தண்ணீர். எல்லோரும் ஒரே நாளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றால் வீடு தாங்காது. ஆணுக்கு ஒரு நாள், பெண்ணுக்கு ஒரு நாள் என்று பிரித்துவிட்டால் அண்டா ஒன்று போதும். இது என் ஊகம்தான், ஏட்டில் எழுதியிருப்பதாகச் சொல்ல வரவில்லை.

சாமிக்கும் இதே ஏற்பாடு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு மார்கழி நீராட்டு விழாவில் எண்ணெய்க்காப்பு. மதுரைக்குப் பக்கத்தில் கள்ளழகர் ஐப்பசியில் மலையேறி நூபுரகங்கைக்குப் போய்த் தைலக்காப்பு செய்துகொண்டு திரும்புவார். யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டன்று மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்துத்தான் குளிப்பார்கள். கோயிலில் காய்ச்சி வீட்டுக்கு வாங்கிவருவதும் உண்டு. சிங்களவர்களின் புத்தாண்டிலும் தலைக்கு எண்ணெய் வைக்கத் தனியாக ஒரு சுபநேரம் குறிக்கப்படுகிறது. எங்கே பார்த்தாலும் எண்ணெயும் நாளும் சோடியாகத்தான் வருகின்றன.

சரி, தேய்க்கும்போது உண்மையில் என்னதான் நடக்கிறது?

எண்ணெய் என்ற சொல்லே எள்ளின் நெய் என்பதிலிருந்து வந்தது. மற்ற எண்ணெய்கள் எல்லாம் அந்தப் பெயரைப் பிற்பாடு கடன் வாங்கிக்கொண்டவை. நல்லெண்ணெயில் இயற்கையாகவே இருக்கும் செசமால் போன்ற பொருள்கள் அதை எளிதில் சிக்கு வாடை அடிக்க விடுவதில்லை. தோலில் நாள் முழுக்கச் சுரக்கும் கொழுப்பும் அதில் ஒட்டிய தூசியும் வெறும் தண்ணீருக்கு அசையாது. எண்ணெயை எண்ணெய்தான் இளக்கும். இளகியதை எடுக்கச் சீயக்காயும் அரப்பும். அரப்பு என்பது உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த பொடி. கொங்குப் பக்கத்தில் இன்றும் சந்தையில் கிடைக்கும். இரண்டிலும் இருக்கும் சப்போனின் என்ற பொருள் தண்ணீரில் நுரைத்து, ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. சோப்பும் இதே வேலையைச் செய்யும், ஆனால் முரட்டுத்தனமாக. நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, காரகாடி (pH) அளவில் 5-ஐ ஒட்டி இருக்கும்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். சீயக்காய்க் கரைசல் அமிலப் பக்கம்தான் இருக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. போர்வெல் தண்ணீரில் சோப்பு போட்டால் வெள்ளையாகத் திரிந்து வாளி ஓரத்தில் படிகிறதே, அது சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து உண்டாகும் கசடு. சீயக்காய் அப்படித் திரிவதில்லை.

இதற்கு மேலே சொல்லப்படுகிறவற்றில் பலவற்றை நான் நம்புவதில்லை. எண்ணெய் தேய்த்தால் உடம்பில் இருக்கும் நச்சு எல்லாம் தோல் வழியாக வெளியேறும் என்று வாட்சப்பில் வருகிறது. அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, அவை சனிக்கிழமைக்காகக் காத்திருப்பதில்லை. 'உடம்புச் சூடு' என்பது கொஞ்சம் வேறு விஷயம். தெர்மாமீட்டரில் அது தெரியாது. ஆனால் கண் எரிச்சல், வாய்ப்புண், தூக்கமின்மை, எரிச்சலான சுபாவம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்ட நம் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் அது. அந்தப் பெயரைக் கேலி செய்வதில் எனக்கு விருப்பமில்லை. களைத்துப்போன ஒரு மனிதனை அது சரியாகவே வர்ணிக்கிறது.

கெடுதலானவற்றையும் சொல்லியாக வேண்டும். கைக்குழந்தைக்குக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது கூடவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வந்துவிடும். குழந்தை மருத்துவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். காதில் ஊற்றுவதும் வேண்டாம். பொடுகுத் தொல்லை உள்ளவர்கள் இரவெல்லாம் தலையில் எண்ணெயை ஊறவைத்தால் பொடுகு கூடத்தான் செய்யும், ஏனென்றால் பொடுகோடு தொடர்புள்ள நுண்ணுயிரி அந்தக் கொழுப்பைத்தான் தின்கிறது. அப்புறம் குளியலறைத் தரை. வழவழ டைல்ஸ், எண்ணெய்க் கால், அறுபது தாண்டிய வயது மூன்றும் சேர்ந்தால் எலும்பு மருத்துவருக்கு வேலை. பழைய வீட்டுக் கொல்லையில் துவைகல்லும் சொரசொரப்பான கருங்கல்லும் இருந்தன. அடுக்குமாடி வீட்டில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் ரப்பர் விரிப்பும் போட்டுக்கொள்வது உத்தமம்.

'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' (வாணியன் என்றால் எண்ணெய் ஆட்டி விற்பவர்) என்ற பழமொழியில் ஓரளவு உண்மை இருக்கிறது என்றால், அது எண்ணெயைவிடத் தேய்க்கும் கையில் இருக்கிறது என்பேன். மயிருள்ள தோலில், மெதுவான தடவலுக்கு மட்டுமே நன்றாகத் துடிக்கும் மெல்லிய நரம்பு இழைகள் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தடவும்போது அவை அதிகமாகத் துடிக்கின்றன, தடவப்படுகிறவரும் அப்போதுதான் சுகமாக இருக்கிறது என்கிறார். சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் இதை அளந்து எழுதினார்கள். வேகமாகத் தேய்த்தால் அந்த நரம்புகள் அடங்கிவிடுகின்றன. தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு பெரியவர் எண்ணெய் நீவும் வேகத்தை நினைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அந்தக் கணக்குக்குள்தான் வரும். ஷவருக்கு அடியில் அவசரமாகச் சோப்பு போடும் கை அந்த நரம்புகளைத் தொடவே தொடாது.

வெந்நீருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. படுக்கைக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு முன் 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் குளித்தால் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகவே தூக்கம் வருகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் எழுதினார்கள். வெந்நீர் பட்டதும் கை கால் தோலுக்கு ரத்தம் ஓடிவந்து உடம்பின் உள்சூட்டை வெளியே விடுகிறது. உள்சூடு இறங்கினால் மூளை தூங்கத் தயாராகிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று மத்தியானம் தூக்கம் கண்ணைச் சுழற்றுவதன் காரணம் இதில் பாதியாவது இருக்கும். அன்றைக்குப் பகல் தூக்கம் கூடாது என்று பாட்டிகள் விரட்டியதும் அந்த மயக்கம் வரும் என்று தெரிந்ததால்தானே. மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டுவிட்டு, தூங்காமல் உட்கார்ந்திருப்பது பெரிய தவம். என்னால் இன்றுவரை முடிந்ததில்லை.

இப்போது மனதுக்கு வருகிறேன். எண்ணெய் தேய்த்த பிறகு அரை மணி நேரம் ஊற வேண்டும். அந்த அரை மணிதான் விஷயமே. எண்ணெய்க் கையோடு எதையும் தொட முடியாது. படுக்கையில் உட்கார முடியாது, வெளியே போக முடியாது, நல்ல சட்டை போட முடியாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டதால் பேப்பரும் தெரியாது. செல்பேசித் திரையோ எண்ணெய் விரலுக்கு மசியவே மசியாது. தியானம் செய்ய உட்கார்ந்தால் பத்தாவது மூச்சில் மனம் பேங்க் லோனுக்குப் போய்விடுகிறவன் நான். எண்ணெயோடு உட்கார்ந்திருக்கும்போதும் போகத்தான் போகிறது. ஆனால் போன இடத்தில் அதற்குச் செய்ய ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடுகிறது. தாத்தா அந்த நேரத்தில் கோவணத்தோடு முற்றத்தில் உட்கார்ந்து வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டால், "ஊறுதேன்" என்பார்.

தமிழில் குளிப்புக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறோம். ஒருவனோடு உறவு தீர்ந்துவிட்டால் 'அவனைத் தலைமுழுகிட்டேன்' என்கிறோம். சாவு வீட்டிலிருந்து வந்தாலும் தலைமுழுக்கு. ஒன்று முடிந்துவிட்டது என்பதை மனதுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம், தலையில் தண்ணீரை ஊற்றினால் அது ஒருவிதமாகப் புரிந்துகொள்கிறது. வாரம் முழுக்க அலுவலகத்தில் சேர்ந்த எரிச்சலுக்கும் அப்படி ஒரு முற்றுப்புள்ளி வேண்டியிருக்கிறது.

கிழமை எப்படித் தொலைந்தது? ஷாம்பு வந்ததால் என்று பழி போடுவது வழக்கம். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தச் சொல்லே அழுத்து, பிசை என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து போனது. 1759-இல் பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் இங்கிலாந்தில் பிரைட்டன் கடற்கரையில் குளியல் நிலையம் வைத்து, ஆவியிலும் எண்ணெயிலும் உடம்பைப் பிடித்துவிடுவதை 'ஷாம்பூயிங்' என்று விற்றார். அரசர் நான்காம் ஜார்ஜுக்கே அந்த வேலைக்கு நியமிக்கப்பட்டார். அதே சொல் பிற்பாடு நுரைத் திரவத்தின் பெயராகி நம்மிடமே திரும்பி வந்தது. வந்ததைப் பொட்டலமாக்கியதும் நம் ஊர்தான். கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னஞ்சிறு சாஷேயில் அடைத்து விற்கத் தொடங்கினார். அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் ஆரம்பித்த நிறுவனத்தின் சிக் ஷாம்பு பெட்டிக்கடைதோறும் சரம் சரமாகத் தொங்கியது. சீயக்காய் வாங்க முடிந்தாலும் அதை வெயிலில் காயவைத்து மிஷினில் அரைத்துவர நாள் இல்லாதவர்களுக்கு அது பெரிய விடுதலை. அதே நிறுவனம் பிற்பாடு மீரா சீயக்காய்த் தூளையும் விற்றது, அதையும் மக்கள் வாங்கினார்கள். ஆக, ஷாம்பு எண்ணெயைக் கொல்லவில்லை. தலைக்குக் குளிப்பதை எந்த நாளிலும் செய்யக்கூடிய ரெண்டு நிமிட வேலையாக்கியது. கெய்சரும் அப்படித்தான். விறகடுப்பும் அண்டாவும் இருந்தபோது வெந்நீர் ஒரு கூட்டு ஏற்பாடு, அதனால் அதற்கு நாள் இருந்தது. எந்த நேரமும் முடியும் என்று ஆனதும், எந்த நேரமும் இல்லை என்று ஆகிவிட்டது.

அந்தக் காலத்தை நினைத்து உருகுவதற்கு எனக்கு ஒரு தடை இருக்கிறது. தாத்தாவின் அந்த அரை மணியை யார் உண்டாக்கினார்கள்? விறகு பொறுக்கி அடுப்பு மூட்டியது, மிளகும் சீரகமும் போட்டு எண்ணெய் காய்ச்சியது, முதுகு தேய்த்தது, அரப்பு கரைத்தது, வாசலில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பியது எல்லாம் அப்பத்தா. அவருக்கான வெள்ளிக்கிழமை எப்படி நடந்தது என்றும் பார்த்திருக்கிறேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, உச்சியில் ஒரு கை எண்ணெயை அப்பிக்கொண்டு, அந்தத் தலையோடே பாத்திரம் தேய்த்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, மிச்சம் இருக்கும் வெந்நீரை ஊற்றிக்கொள்வார். சாம்பிராணிப் புகையில் கூந்தலை உலர்த்த உட்கார்ந்தால் அந்தக் கையில் அரிசி பொறுக்கும் முறம் இருக்கும். "அவுக எண்ணெ தேச்சிருக்காக" என்று அவருக்காக வாசலில் சொல்ல ஆள் கிடையாது.

நான் இதைத் திரும்பத் தொடங்கியபோது முதலில் ஞாயிற்றுக்கிழமையை எடுத்தேன். தப்பு. ஞாயிறு என்பது கறிக்கடை, கல்யாணம், கிரிக்கெட்; ஒரு மாதத்தில் ஒரு தடவைகூட நடக்கவில்லை. சனிக்கு மாற்றி, மணி ஏழு என்று வைத்த பிறகுதான் ஒட்டியது. எண்ணெய் ரெண்டு கரண்டிதான், ஒரு மிளகு போட்டு லேசாகச் சுட வைத்தது. உச்சியில் ஆரம்பித்துப் பாதத்தில் முடித்தால் பத்து நிமிடம், ஊற இருபது. நடுவாரத்தில் முழுக்குக்கு வழியில்லை. புதன்கிழமை இரவு வெந்நீரில் காலைக் கழுவித் துடைத்து உள்ளங்காலில் மட்டும் எண்ணெய், ஐந்து நிமிடம், அதோடு படுக்கை. மூன்றாம் மாதத்தில் குளியலறைக் குழாய் அரப்பும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. பிளம்பர் அண்ணன் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கொதிக்கிற தண்ணீரை வாரம் ஒரு தடவை ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் சனிக்கிழமையையே கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவியின் முறை. அடுப்பு, பிள்ளை, கதவு மூன்றும் அந்த ஒரு மணி நேரம் என் பொறுப்பு. போன வாரம் அழைப்பு மணி அடித்தது. கூரியர் தம்பி, அவள் பேருக்குப் பார்சல். "எண்ணெய் தேய்ச்சிருக்காங்கப்பா" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, "சரி சார், ஓடிபி மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றான். ஓடிபி அவள் போனில். உள்ளேயிருந்து குரல் வந்தது: "கையெல்லாம் எண்ணெய், அப்புறம் வரச் சொல்லுங்க." தம்பி பார்சலை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு ஒரு டீ போட உள்ளே போனேன்.